ஒலிக்கருவிகளில் மின்னழுத்தத் தேர்வி: வரலாறும் பயன்பாடும்

மின்னழுத்தத் தேர்வி என்பது வானொலி, ஆம்ப்ளிஃபயர், டேப் ரெக்கார்டர், ரெக்கார்டு பிளேயர் போன்ற கருவிகளை அந்தந்த ஊரின் வீட்டு மின்சாரத்திற்கு ஏற்ப அமைத்துக்கொள்ள உதவும் சிறு சுவிட்சு ஆகும். இது பெரும்பாலும் கருவியின் பின்புறத்திலோ அடிப்புறத்திலோ இருக்கும். 110, 127, 220, 240 போன்ற எண்கள் அதன் அருகே பொறிக்கப்பட்டிருக்கும். நகர்த்தும் சுவிட்சு, சுழலும் குமிழ், பிடுங்கி வேறு திசையில் செருகும் கட்டை, உருகியோடு இணைந்த சிறு அட்டை எனப் பல வடிவங்களில் இது அமைந்தது.

உலக நாடுகள் ஒரே மின்னழுத்தத்தை ஏற்காததன் விளைவே இந்தச் சுவிட்சு. சரியாக அமைந்திருந்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தவறாக அமைந்தாலோ ஒரு நொடியில் கருவியைப் பாழாக்கிவிடும்.

மின்னழுத்தம் ஊருக்கு ஊர் மாறிய கதை

தாமஸ் எடிசனின் நிறுவனம் 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அது ஏறத்தாழ 110 வோல்ட் நேர்த்திசை மின்சாரம். அக்காலக் கரியிழை விளக்குகள் 100 வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தில் நன்றாக எரிந்தன. கம்பியில் ஏற்படும் இழப்புக்காகச் சற்றுக் கூடுதலாக வைக்கப்பட்டது. பின்னர் மாற்றுத்திசை மின்சாரம் வந்தபோதும், வீடுகளில் ஏற்கெனவே இருந்த விளக்குகளுக்காக அமெரிக்காவில் அந்த அளவே தொடர்ந்தது. காலப்போக்கில் 110 என்பது 115, 117 என உயர்ந்து 120 வோல்ட்டில் நிலைபெற்றது. பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களில் 117 என்ற எண்ணைக் காண்பது இதனால்தான்.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது. பெர்லின் நகர மின் நிறுவனம் 1899இல் 220 வோல்ட்டுக்கு மாற முடிவு செய்தது. மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதே திறனை அனுப்பப் பாதி மின்னோட்டமே போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது நான்கில் ஒரு பங்காகக் குறையும். செப்பில் மிச்சமான பணம் வாடிக்கையாளர்களின் கருவிகளை மாற்றிக் கொடுக்கும் செலவை ஈடுகட்டியது.

பிரிட்டனில் நிலைமை இன்னும் சிக்கலானது. முதல் உலகப் போரின் இறுதியில் பெருநகர இலண்டனில் மட்டும் ஏறத்தாழ 70 மின் வழங்கு அமைப்புகள், 10 வேறுபட்ட அதிர்வெண்கள், 24 வேறுபட்ட மின்னழுத்தங்கள் இருந்தன. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்தால் விளக்கையே மாற்ற வேண்டியிருக்கும். 1926ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டமும், அதன் வழி உருவான தேசிய மின்தொகுப்பும் இந்தக் குழப்பத்தைப் படிப்படியாகத் தீர்த்தன. ஆனால் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் ஒன்றாவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

வால்வு வானொலிக் காலம்

தொடக்கால வானொலிகள் மின்கலங்களில் இயங்கின. 1920களின் நடுவில் சுவரிலுள்ள மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் வானொலிகள் வந்தபோது, எந்த மின்சாரத்துக்கு எனத் தயாரிப்பாளர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஐரோப்பிய வானொலிகளின் பின்பலகையில் தேர்வி வழக்கமான உறுப்பாக மாறியது இக்காலத்தில்தான். பிலிப்ஸ் வானொலிகளில் 110, 125, 145, 200, 220, 245 என ஆறு நிலைகள் கொண்ட சுழல் தேர்வி பரவலாக இருந்தது. ஐரோப்பாவின் பல நகரங்களில் புழங்கிய மின்னழுத்தங்களின் பட்டியலாகவே இதைப் படிக்கலாம்.

நேர்த்திசை மின்சாரம் இருந்த ஊர்களில் மின்மாற்றி பயன்படாது. மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்தில்தான் அது வேலை செய்யும். கொல்கத்தாவின் பழைய பகுதிகளில் நேர்த்திசை வழங்கல் நெடுங்காலம் நீடித்தது. இத்தகைய இடங்களுக்காக ஏசி/டிசி வானொலிகள் தயாரிக்கப்பட்டன. இவற்றில் வால்வுகளின் சூடேற்றும் இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டன. அமெரிக்காவில் பெரும் எண்ணிக்கையில் விற்ற ஐந்து வால்வு வானொலிகளில் அந்த ஐந்து இழைகளின் மின்னழுத்தக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 120 வோல்ட் வரும்படி அமைத்தார்கள். ஆகவே மின்மாற்றியே தேவைப்படவில்லை.

அதே முறையில் அமைந்த ஐரோப்பிய வானொலியில் இழைகள் 0.1 ஆம்பியர் மின்னோட்டத்தில் மொத்தம் 117 வோல்ட் எடுத்துக்கொண்டால், 220 வோல்ட் ஊரில் மீதி 103 வோல்ட்டை ஒரு மின்தடையில் இறக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 1,000 ஓம் மின்தடை தேவை; அது 10 வாட் வெப்பத்தைக் கக்கும். தேர்வியைத் திருப்பும்போது இந்த மின்தடையின் எந்தப் பகுதி சுற்றில் இருக்க வேண்டும் என்பதே மாறியது.

இம்முறையில் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. மின்மாற்றி இல்லாததால் வானொலியின் உலோகச் சட்டம் வீட்டு மின்கம்பியோடு நேரடியாகத் தொடர்பு கொண்டிருந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுவதும் மின்னழுத்தம் ஏறும். குமிழ் கழன்றுபோன அச்சைத் தொட்டவருக்கு அதிர்ச்சி நிச்சயம். பின்பலகையைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்ற எச்சரிக்கை இத்தகைய வானொலிகளில் அச்சிடப்பட்டதற்கு இதுவே காரணம்.

மின்மாற்றியும் இரட்டைச் சுருளும்

மாற்றுத்திசை மின்சாரம் பரவியபின் மின்மாற்றியே ஒலிக்கருவிகளின் பொதுவான மின்வழங்கியாயிற்று. மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் உள்ள சுற்றுகளுக்கும் துணைச் சுருளில் உள்ள சுற்றுகளுக்கும் இடையிலான விகிதமே வெளிவரும் மின்னழுத்தத்தை முடிவு செய்கிறது. ஆகவே ஊரின் மின்னழுத்தம் மாறும்போது முதன்மைச் சுருளின் சுற்றுகளை அதே விகிதத்தில் மாற்றினால், உள்ளே இருக்கும் சுற்றுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. இதற்கு இரண்டு முறைகள் கையாளப்பட்டன.

முதல் முறையில் ஒரே நீண்ட சுருளின் இடையிடையே இணைப்புகள் எடுக்கப்படும். 100, 120, 220, 240 என ஒவ்வோர் இணைப்பும் ஒரு மின்னழுத்தத்திற்கு உரியது. தேர்வி அவற்றில் ஒன்றை மின்கம்பியோடு சேர்க்கும்.

இரண்டாவது முறையில் ஒரே அளவான இரண்டு முதன்மைச் சுருள்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 115 வோல்ட்டுக்கு உரியது. 115 வோல்ட் நாட்டில் இரண்டையும் பக்க இணைப்பிலும், 230 வோல்ட் நாட்டில் தொடர் இணைப்பிலும் சேர்ப்பார்கள். எந்த நாட்டிலும் இரு சுருள்களும் வேலை செய்வதால் செப்புக் கம்பி வீணாவதில்லை. ஆனால் சுருள்களின் தலைப்பும் முடிவும் மாறிப்போகக் கூடாது. ஒன்றைத் திருப்பி இணைத்தால் இரண்டின் காந்தப் புலமும் ஒன்றையொன்று அழித்து, மின்மாற்றி குறுக்குச்சுற்றுப் போல நடந்துகொள்ளும்.

தேர்வியோடு உருகியும் மாற வேண்டும் என்பது பலர் மறக்கும் செய்தி. 100 வாட் எடுக்கும் கருவி 230 வோல்ட்டில் 0.43 ஆம்பியரும், 115 வோல்ட்டில் 0.87 ஆம்பியரும் இழுக்கும். குறைந்த மின்னழுத்தத்திற்கான உருகியை அப்படியே விட்டுவிட்டு 230க்கு மாற்றினால், பாதுகாப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

தவறாக அமைந்தால்

230 வோல்ட்டில் அமைந்த கருவியை 115 வோல்ட்டில் செருகினால் பெரும்பாலும் அழிவு ஏதும் நேராது. உள்ளே எல்லா மின்னழுத்தமும் பாதியாகும், விளக்கு மங்கும், ஒலி தேயும் அல்லது எழவே எழாது. மோட்டார் உள்ள கருவிகளில் மட்டும் அது சுழல முடியாமல் நின்று சூடாகலாம்.

எதிர்மாறான தவறுதான் கொடியது. 115இல் அமைந்த கருவிக்கு 230 வோல்ட் கிடைத்தால் மின்மாற்றியின் இரும்பகம் காந்தத் தெவிட்டு நிலையை அடைகிறது. அதன்பின் முதன்மைச் சுருள் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஆற்றலை இழக்கிறது. மின்னோட்டம் பன்மடங்கு பெருகிச் சுருள் சூடாகிறது. அதே நேரத்தில் துணைச் சுருளின் மின்னழுத்தமும் மிகையாக உயர்கிறது. 50 வோல்ட் தாங்கும் மின்தேக்கியில் 40 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகமான அழுத்தம் ஏறும்போது அது வெடிக்கிறது. டிரான்சிஸ்டர்களும் உடன் போகின்றன. சரியான உருகி இருந்தால் முதலில் அது எரிந்து கருவியைக் காப்பாற்றக்கூடும். உருகிக்குப் பதில் தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் மின்மாற்றியே உருகியின் வேலையைச் செய்துவிடும்.

சிறிய வேறுபாடுகளும் நாட்பட்ட தீங்கு செய்யும். 220இல் அமைந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை 240 வோல்ட்டில் இயக்கினால், 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய வால்வு இழைக்கு ஏறத்தாழ 6.9 வோல்ட் கிடைக்கும். கருவி பாடும், ஆனால் வால்வின் ஆயுள் குறையும். மின்னழுத்தம் தாழ்ந்த ஊரில் ஒலி குறைகிறது என்று தேர்வியைக் கீழ்நிலைக்கு மாற்றிவைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. இரவில் ஊர் உறங்கி மின் தேவை குறையும்போது மின்னழுத்தம் மீண்டும் உயர்ந்துவிடும்.

ஜப்பானின் பங்கு

ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அதோடு அந்நாடு அதிர்வெண்ணில் இரண்டாகப் பிரிந்தது. 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் மின்னாக்கிகளையும், ஒசாகா அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் மின்னாக்கிகளையும் வாங்கின. அந்தப் பிரிவு இன்றுவரை நீடிக்கிறது. ஆகவே தம் நாட்டுக்குள் விற்கும் கருவிக்கே இரண்டு வகை மின்சாரத்தை எண்ணிப்பார்க்க வேண்டிய நிலையில் ஜப்பானியப் பொறியாளர்கள் இருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும் கொரியாவிலும் ஜெர்மனியிலும் வியட்நாமிலும் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள், படைமுகாம் கடைகளில் ஜப்பானிய ஒலிக்கருவிகளை வாங்கினார்கள். இன்று ஒரு நாட்டில் இருப்பவர் நாளை வேறு நாட்டுக்கு மாற்றப்படலாம். பணி முடிந்ததும் ஊர் திரும்புவார். எங்கு சென்றாலும் இயங்கும் கருவியே அவருக்குத் தேவை. இக்கடைகளுக்கும் பொதுவான ஏற்றுமதிக்கும் உரிய ஆம்ப்ளிஃபயர்களிலும் டேப் ரெக்கார்டர்களிலும் 100, 117, 220, 240 என நான்கு நிலைத் தேர்வி இடம்பெற்றது. ஊர் ஊராகப் பயணம் செய்யக்கூடிய கருவியாக ஜப்பானிய ஒலிக்கருவி பெயர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகள்

1970களில் எண்ணெய் வளத்தால் வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்புப் பெருகியபோது தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பலர் அங்குச் சென்றனர். விடுமுறையில் ஊர் திரும்புவோர் கொண்டுவந்த பொருள்களில் ஜப்பானிய ‘டூ இன் ஒன்’ எனப்பட்ட ரேடியோ கேசட் பெட்டிக்குத் தனி இடம் இருந்தது. அக்காலத்தில் இந்தியாவில் இத்தகைய கருவிகளின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்ததால், ஒன்று பழுதானால் அதேபோல் இன்னொன்றை எளிதாக வாங்க முடியாது. சென்னை பர்மா பஜார் போன்ற சந்தைகளே வெளிநாட்டுக் கருவிகளும் உதிரி உறுப்புகளும் கிடைக்கும் இடங்களாக இருந்தன.

துபாய், குவைத், கத்தார் ஆகிய இடங்களில் மின்சாரம் இந்தியாவைப் போலவே 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வந்த பெட்டியை ஊரில் அப்படியே செருகலாம். சவூதி அரேபியாவிலோ வீடுகளில் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பரவலாக இருந்தது. அங்குப் பயன்படுத்திய பெட்டியின் தேர்வி 110–127 நிலையில் இருக்கும். ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்து, உறவினர் கூடியிருக்க, அடிப்புறத்தைப் பார்க்காமல் பிளக்கைச் செருகினால் பாட்டுக்குப் பதில் புகைதான் வரும். பல மாத உழைப்பில் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள் அந்த நொடியில் போய்விடும். எரிந்த மின்மாற்றியைக் கழற்றிப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பது வானொலி பழுதுபார்ப்போருக்குப் பழகிய வேலையாக இருந்தது.

இப்பெட்டிகளின் மோட்டார் நேர்த்திசை மின்சாரத்தில் இயங்கியதால், அதிர்வெண் 60இலிருந்து 50 ஆனதால் பாட்டின் வேகம் மாறவில்லை. எல்லாக் கருவிகளுக்கும் இந்தச் சலுகை இல்லை.

தேர்வியால் மாற்ற முடியாத அதிர்வெண்

பழைய ரெக்கார்டு பிளேயர்களின் மோட்டார் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றியது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கருவியை 50 ஹெர்ட்ஸில் இயக்கினால், தேர்வியைச் சரியாக வைத்தாலும் தட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகள் 27.8 ஆகும், 20 நிமிடம் ஓட வேண்டிய பக்கம் 24 நிமிடம் ஓடும். சுருதியும் அதே விகிதத்தில் இறங்கும். கருநாடக இசையில் சாதாரண காந்தாரத்திற்கும் ஆதார ஷட்ஜத்திற்கும் உள்ள இடைவெளி இது. பாடகியின் குரல் ஆண்குரலின் சாயலை எட்டிவிடும்.

இதற்குத் தீர்வு மோட்டார் அச்சிலுள்ள கப்பியை மாற்றுவதே. 50 ஹெர்ட்ஸ் கப்பி 60 ஹெர்ட்ஸ் கப்பியைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரியது. 1950களில் வெளிவந்த பிரிட்டனின் காரார்டு 301 ரெக்கார்டு பிளேயரில் 100–130, 200–250 ஆகிய இரு மின்னழுத்த வரம்புகளுக்கும் இணைப்பை மாற்றும் வசதி இருந்தது. அதிர்வெண்ணுக்கு ஏற்பத் தனித்தனிக் கப்பிகள் வழங்கப்பட்டன. 1967இல் வெளிவந்த சுவிட்சர்லாந்தின் ரிவாக்ஸ் ஏ77 டேப் ரெக்கார்டர், மோட்டார் வேகத்தை மின்னணு முறையில் தானே கட்டுப்படுத்தியதால் அதிர்வெண்ணைச் சார்ந்திருக்கவில்லை. 1970களில் டெக்னிக்ஸ் நிறுவனத்தின் நேரடி இயக்க ரெக்கார்டு பிளேயர்கள் தட்டுகளுக்கும் அந்த விடுதலையைப் பரவலாக்கின.

மின்மாற்றிக்கும் அதிர்வெண் ஒரு பொருட்டுதான். 60 ஹெர்ட்ஸுக்கென்று சிக்கனமாகச் செய்த மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் 20 விழுக்காடு கூடுதலான காந்தப் பாயத்தைத் தாங்க வேண்டும். அது இரைவதும் சூடாவதும் இதனால்தான்.

மேடை இசைக்கலைஞர்கள்

நாடு நாடாகப் பயணம் செய்யும் இசைக்குழுக்களுக்குத் தேர்வி தவிர்க்க முடியாததாக இருந்தது. பிரிட்டனின் வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் 115, 160, 205, 225, 245 என ஐந்து நிலைகள் இருந்தன.

மின்னழுத்தப் பொருத்தமின்மை ஒரு புதிய ஒலிக்கு வழிவகுத்ததும் உண்டு. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன், ஐரோப்பிய மின்னழுத்தத்திற்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை அமெரிக்க மின்சாரத்தில் செருகியபோது, ஓசை குறைந்தாலும் அதன் தன்மை மாறாமல் இருந்ததைக் கண்டதாக நேர்காணல்களில் கூறியுள்ளார். பின்னர் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்மாற்றியைக் கொண்டு திட்டமிட்டே மின்னழுத்தத்தைக் குறைத்து வாசித்தார். இதைக் கேட்டு எதிர்த்திசையில் மின்னழுத்தத்தை உயர்த்திப் பார்ப்பது கருவியை அழிக்கும் செயல்.

ஒரே மின்னழுத்தத்தை நோக்கி

தென்கொரியா 1973 முதல் 2005 வரை 32 ஆண்டுகள் உழைத்து 110 வோல்ட்டிலிருந்து 220க்கு மாறியது. அந்த இடைக்காலத்தில் அங்கு வீட்டுக் கருவிகளில் தேர்வி அன்றாடத் தேவையாக இருந்தது.

ஐரோப்பாவில் 220 வோல்ட் நாடுகளும் 240 வோல்ட் பிரிட்டனும் 230 என்ற பொது எண்ணுக்கு உடன்பட்டன. 1990களின் நடுவில் இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் மின்நிலையங்களில் பெரிதாக எதுவும் மாற்றப்படவில்லை. பழைய இரு அளவுகளும் அடங்கும்படி ஏற்ற இறக்க வரம்பு மட்டும் வகுக்கப்பட்டது. தாளில் 230 ஆனபின்னும் பல பிரிட்டன் வீடுகளில் 240 வோல்ட்டே வந்தது. அங்குப் பழைய 220 வோல்ட் கருவியை வைத்திருப்போருக்கு இந்த உடன்பாட்டால் பயன் ஏதும் இல்லை.

இன்றைய நிலை

1980களுக்குப் பின் பல நிறுவனங்கள் தேர்வியைப் பின்புறத்திலிருந்து அகற்றி, ஒவ்வொரு சந்தைக்கும் மின்மாற்றி இணைப்பைத் தொழிற்சாலையிலேயே நிலையாக அமைக்கத் தொடங்கின. தவறான அமைப்பால் வரும் விபத்துகள் இதனால் குறைந்தன. விலை மலிவான நாட்டில் வாங்கி வேறு நாட்டில் விற்பதும் கடினமாயிற்று. தேர்வி எஞ்சிய கருவிகளிலும் திருப்புளி இல்லாமல் திருப்ப முடியாதபடி பூட்டுத் தகடு சேர்க்கப்பட்டது.

இறுதியில் தேர்வியைத் தேவையற்றதாக்கியது உயர் அதிர்வெண்ணில் இயங்கும் சுவிட்சு வகை மின்வழங்கி. அதன் தொடக்க வடிவங்களில், குறிப்பாகக் கணினிகளில், 115/230 என்ற சிறு சுவிட்சு இருந்தது. 115 வோல்ட்டில் அது மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கி, இரு நாடுகளிலும் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்த்திசை அழுத்தம் கிடைக்கச் செய்தது. 115 நிலையிலேயே விட்டு 230 வோல்ட்டைக் கொடுத்தால் அது 650 வோல்ட் ஆகி மின்தேக்கிகளை வெடிக்கச் செய்யும். பின்வந்த வடிவங்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் தாமாகவே ஏற்றுக்கொள்கின்றன. கைப்பேசி மின்னேற்றியைப் பயன்படுத்துபவர் மின்னழுத்தத்தைப் பற்றி நினைப்பதே இல்லை.

ஆயினும் மின்மாற்றி கொண்ட ஆம்ப்ளிஃபயர்கள் இன்றும் தயாராகின்றன. பழைய கருவிகள் கைமாறுகின்றன. அவற்றைச் செருகும் முன் பார்க்க வேண்டியவை நான்கு: தேர்வியின் நிலை, உருகியின் அளவு, கருவியில் குறித்துள்ள அதிர்வெண், முந்தைய உரிமையாளர் உள்ளே இணைப்பை மாற்றியிருக்கிறாரா என்பது. தேர்வியே இல்லாத 100 அல்லது 120 வோல்ட் கருவிக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி மின்மாற்றி வேண்டும். அதன் திறன் கருவி எடுக்கும் வாட்டைவிடப் போதிய அளவு கூடுதலாக இருக்க வேண்டும். எந்த நிலையிலும், தேர்வியைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போது அதை நகர்த்தக் கூடாது.